கயிறு போடாத கன்று

பிளாரன்ஸ் மாதாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கினால்தான் சீனித்தாயின் மாடு அடிமாடாகப் போகவிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் தெருவில் மற்றவர்கள் சொல்லும் கதைதான் உங்கள் காதில் விழும். அந்தக் கதையில் மாடு மலடு, பிளாரன்ஸ் ராசி கெட்டவள், கால்நடை ஆஸ்பத்திரிக்காரர் மந்திரவாதி. மூன்றும் பொய். வேலை இல்லாத வாய்க்கு எதையாவது மெல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மாடு சீனித்தாயுடையது. தேரிக்காட்டுப் பக்கம் அவள் பிறந்த வீட்டிலிருந்து கல்யாணத்தின்போது ஓட்டிக் கொடுத்த பசுவின் மகள். அம்மா போய்ச் சேர்ந்து, வீடு அண்ணன்மார் கைக்கு வந்து, அண்ணிமார் முகம் கோணிய பிறகு, பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிஞ்சியது அந்த மயிலைப் பசு ஒன்றுதான். ஆனால் அவள் புருஷன் அய்யாக்குட்டி அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் எண்ணெய் டின்னும் கருப்பட்டிச் சிப்பமும் போக ஒரு ஆடு திரும்பவே இடம் கிடையாது. ஆகவே மாட்டை எதிர்ச் சந்தில் இருந்த பிளாரன்ஸிடம் வாரத்துக்கு விட்டிருந்தாள். வளர்க்கிறவளுக்குப் பால், முதல் கன்றும் அவளுக்கு. அடுத்த கன்று மாட்டுக்காரிக்கு. வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துச் சிநேகமானவர்கள், அதற்கு மேல் என்ன வேண்டும்.

பிளாரன்ஸ் கீழவைப்பாரில் பிறந்தவள். புருஷன் அம்புரோஸ் கொழும்புத் தோணியில் வேலை பார்த்தான். காற்று வாக்காக இருந்தால் வருவான், இல்லாவிட்டால் சரக்கு வரும் வரை அங்கேயே கிடப்பான். பிள்ளைகள் இரண்டும் பாளையங்கோட்டையில் போர்டிங்கில் படித்தன. வீட்டில் அவளும் மாடும்தான். புதுத் துறைமுகம் திறந்து இரண்டு வருஷமாகியிருந்த சமயம் அது.

அந்த வருஷம் பொங்கலுக்கு மறுநாள் மயிலைக்கு வலி கண்டது. கன்றின் ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. மாடு கண்ணை மேலே செருகிக்கொண்டு முனகியது. அடுத்தவள் சொத்து, அதுவும் சீனித்தாயின் உயிர், தன் கொட்டிலில் சாகப் போகிறது. பிளாரன்ஸ் முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு, மடங்கிக் கிடந்த இன்னொரு காலைத் தேடியபடியே வாய்விட்டு நேர்ந்துகொண்டாள். தாயும் பிள்ளையும் பிழைத்தால் கன்று மாதா கோயிலுக்கு. ஆகஸ்டுத் திருநாளில் கொண்டுவந்து விடும் வரை அதன் கழுத்தில் கயிறு ஏறாது, அது குடிக்கிற பாலை யாரும் தடுக்கமாட்டார்கள். கால் கைக்கு அகப்பட்டது. கிடாரிக் கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

அவசரத்தில் நேர்கிறவர்களுக்கு அளவு தெரியாது. கன்றை விடுவேன் என்றதோடு நிறுத்தியிருக்கலாம். கயிறும் பாலும் எதற்கு? ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, பிளாரன்ஸ் வாக்குத் தவறுகிற ஜாதி இல்லை. எல்லா வீட்டிலும் கன்றைக் கட்டிப்போட்டு, கறக்கிற நேரத்துக்கு மட்டும் ஊட்ட விடுவார்கள். பிளாரன்ஸின் கன்றோ நினைத்த நேரத்துக்கு மடியில் வாய் வைத்தது. ராத்திரி தாயோடு ஒட்டிப் படுத்தது, விடிய விடியக் குடித்தது. மிச்சம் இருந்ததைத்தான் அவள் கறந்தாள்.

பங்குனி போய்ச் சித்திரையும் போயிற்று. தைக்கு ஈன்ற மற்ற மாடுகளெல்லாம் காளைக்குக் கத்தி, சினையும் பிடித்துவிட்டன. மயிலை மட்டும் வாயைத் திறக்கவில்லை. சீனித்தாய் முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், என் கன்று எப்போது வரும் என்று. பிறகு சிரிக்காமல் கேட்டாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள், அதுதான் பிளாரன்ஸுக்குச் சுட்டது.

கேட்க வேண்டியதை அண்ணாச்சி கேட்டார். கெட்டவர் இல்லை. எதையும் தராசில் வைத்துப் பார்த்தே பழகியவர். சினைப்படாத மாடும் விற்காத சரக்கும் அவருக்கு ஒன்றுதான். ஆவணி முடியும்வரை பார்ப்பேன், அதற்குள் சினை இல்லையென்றால் மாட்டைத் தரகரிடம் தள்ளிவிடுவேன் என்று கடையில் நாலு பேர் இருக்கும்போதே சொல்லிவிட்டார். தரகர் வாங்குகிற மாடு லாரியேறி எங்கே போகும் என்று தெருவில் தெரியாதவர் இல்லை. சீனித்தாய் உள்ளே நின்று பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடி ஆடியது. அன்றிலிருந்து அவள் பிளாரன்ஸோடு பேசவில்லை.

பிளாரன்ஸ் என்ன செய்தாள் தெரியுமா? மாதாவுக்குத் திருப்தியில்லை என்று முடிவு கட்டினாள். நேர்ச்சைக் கன்றின் பாலில் நாம் மிச்சத்தைக் கறக்கிறோமே, அந்தக் குறைதான் மாட்டின் கர்ப்பத்தைக் கட்டிவிட்டது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதி, கறப்பதையே நிறுத்தினாள். காலை மாலை மாட்டின் முதுகில் கோயில் தீர்த்தம் தெளித்தாள். கன்றுக்கு முழு மடியும் கிடைத்தது. அது கொழுத்தது. மயிலையின் விலாவை எண்ணிவிடலாம்போல் ஆயிற்று. பக்திக்கு ஒன்றும் குறைவில்லை, அந்தப் பக்திதான் மாட்டைத் தின்றுகொண்டிருந்தது.

கடைசியில் கால்நடை ஆஸ்பத்திரி இன்ஸ்பெக்டர் ஜெபசிங்கை அவளே போய் அழைத்து வந்தாள். சாயர்புரத்துக்காரர். சைக்கிளை நிறுத்தி, கையை உள்ளே விட்டுச் சோதித்துவிட்டு, கர்ப்பப்பை பழுதில்லை, முட்டைப்பைதான் தூங்குகிறது என்றார். கன்றைக் கட்டுவதில்லையா என்று கேட்டார். அவள் நேர்ச்சையைச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு சொன்னார்:

“யம்மா, நீங்க கையால கறந்தா அதுக்கு ஒண்ணுமில்லை. கன்னு ராப்பகலா வாய் வச்சு இழுத்தா, பிள்ளை இன்னும் மடியிலதான் கிடக்குன்னு மாட்டுத் தலைக்குச் சேதி போகுது. பருவத்துக்கு வரச் சொல்லுத ஹார்மோன் அங்கன இருந்துதான் இறங்கணும், அது இறங்காது. துறையில ஒரு கப்பல் நிக்கும்போது அடுத்த கப்பலை வெளியில நங்கூரம் போட்டு நிக்கச் சொல்லுதாங்கள்லா, அதுதான் கதை. போதாததுக்கு மாடு மெலிஞ்சுபோய்க் கிடக்கு. கன்னைப் பிரிங்க, தீவனத்தைக் கூட்டுங்க.”

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஆனால் பிளாரன்ஸின் காதில் வேறொன்று விழுந்தது. சாயர்புரத்துச் சபைக்காரர்கள் புராட்டஸ்டண்டு வேதம், மாதாவுக்கு நேராதவர்கள். கீழவைப்பாரில் சின்ன வயதில் அவர்களைப் பதிதர், உண்மை வேதத்தை விட்டுப் போனவர்கள் என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மாதா நேர்ச்சையை உடைக்கச் சொல்ல அவருக்கு ஒரு மாடு சாக்காகக் கிடைத்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தாள், கன்றைப் பிரிக்கவில்லை. அந்த மனுஷர் மாட்டைத்தான் பார்த்தார். அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று இவள் பார்த்தாள்.

ஆனாலும் மனது அரித்தது. பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கத் தமக்கு அதிகாரம் உண்டு, பதிலுக்கு ஒன்பது நாள் ஜெபமாலை சொல்லிவிட்டுக் கன்றைக் கட்டிக்கொள் என்றார். வேறு யாராக இருந்தாலும் அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பார்கள். பிளாரன்ஸோ ஒத்துக்கொள்ளவில்லை. சாமி, நான் உங்களிடமா நேர்ந்தேன் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

வீட்டுக்கு வந்தபோது கன்று குடித்துக்கொண்டிருந்தது. ஐந்து மாதக் கன்று, நல்ல உயரம். பால் குறைந்துபோன மடியை மண்டையால் முட்டி முட்டி இழுத்தது. ஒவ்வொரு முட்டுக்கும் மயிலையின் பின்னங்கால்கள் நடுங்கின. ஒரு காம்பில் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. மாடு விலகக்கூட இல்லை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

பிளாரன்ஸ் வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். யார் பிழைக்க வேண்டும் என்று அன்றைக்கு நேர்ந்தாளோ அந்த மாடுதான் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால் கன்றின்மேல், ஜெபசிங் மேல், எல்லாவற்றுக்கும் மேல் தன்மேல்.

நேரே மயிலையை அவிழ்த்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு நடந்தாள். கன்றை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். மாட்டோடு அவள் வருவதைப் பார்த்த சீனித்தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. ஆவணிகூட வரவில்லை, அதற்குள் திருப்பிக் கொடுத்துக் கழுத்தறுக்க வந்துவிட்டாள் என்று நினைத்தாள். இத்தனை நாள் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துக் கொட்டினாள். உன்னை நம்பி விட்டேனே, என் அம்மாவிடம் விட்ட மாதிரி விட்டேனே என்று தெருவே கேட்கச் சொன்னாள். பிளாரன்ஸ் முழுதையும் வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“ஏளா, மாட்டைத் திருப்பித் தரலை. இங்கன கட்டிக்கோ. கன்னு என் வீட்டுக்குள்ள இருக்கும். கயிறு போடமாட்டேன், பாலையும் நிறுத்தமாட்டேன். நீ கறந்து தா, நான் சட்டியில ஊத்திக் குடுக்கேன். தாயை மட்டும் அது பாக்கக் கூடாது. என்னால ஆனது இவ்வளவுதான்.”

சீனித்தாய் உள்ளே போய், புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எண்ணெய் டின்களை ஒவ்வொன்றாகக் கடையின் முன்பக்கத்துக்கு உருட்ட ஆரம்பித்தாள்.

அதன் பிறகு நடந்த கூத்து இரண்டு வீட்டிலும் சமமாக நடந்தது. பிளாரன்ஸ் வீட்டில் கன்று கயிறில்லாமல் ராஜாங்கம் செய்தது. அடுப்படியில் சாணம் போட்டது. சன்னலில் சொருகியிருந்த கோயில் குருத்தோலையைத் தின்றது. அம்புரோஸின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைச் சப்பிச் சுருட்டியது. சட்டியில் வைத்த பாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்து, விரலோடு வாயையும் மெல்லச் சட்டிக்குள் இறக்கிப் பழக்கினாள். அந்தப் பாடு தன் பிள்ளைகளுக்கும் பட்டதில்லை என்று பிறகு சொன்னாள்.

அங்கே மயிலை கத்தியது. முதல் மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தியது. சீனித்தாய்க்குத் தலைகால் புரியவில்லை, மாடு பருவத்துக்கு வந்துவிட்டது என்று ஜெபசிங்குக்கு ஆள் விட்டாள். அவர் காளை விந்து வைத்த ஐஸ் பிளாஸ்கும் சினை ஊசியுமாக வேகாத வெயிலில் மிதித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, இது காளைக்குக் கத்துகிற கத்தல் இல்லை, பிள்ளையைத் தேடுகிற கத்தல் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். சீனித்தாய்க்கு மானம் போயிற்று.

கத்தல் அடங்கியது. பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கடையிலேயே இருந்ததால் சீனித்தாய் அள்ளி அள்ளி வைத்தாள், அண்ணாச்சி பார்க்காத நேரமாகப் பார்த்து. மாட்டின் விலாவில் சதை பிடித்தது. மடிப் புண் ஆறியது. கண்ணிலும் தெளிச்சி வந்தது.

ஆனி கடைசியில் ஒரு நாள் காலையில் மயிலை மறுபடி கத்தியது. தீவனத்தைத் தொடவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றியது. சீனித்தாய் கேட்டாள்தான், ஆனால் போன தடவை பட்ட அவமானம் நெஞ்சில் இருந்தது. இதுவும் கன்று ஞாபகம்தான் என்று பேசாமல் மாவு அளந்துகொண்டிருந்தாள். மாட்டின் பருவமோ அரை நாள் நின்றால் அதிகம். அது போனால் மறுபடி வர மூன்று வாரம், வந்தாலும் சினை பிடித்ததா இல்லையா என்று கையால் பார்த்துச் சொல்வதற்குள் ஆவணி முடிந்துவிடும். அவளுக்கு அது தெரியாது.

காலைப் பால் வாங்கத் தூக்குச் சட்டியோடு பிளாரன்ஸ் வந்தாள். மாட்டின் பின்பக்கம் கண்ணாடிபோல் வழும்பு நூலாகத் தொங்குவதைப் பார்த்தாள். சட்டியைப் போட்ட இடம் தெரியாமல் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஓட்டமென்றால் ஓட்டம்தான், செருப்பு ஒன்று வழியிலேயே கிடந்தது. எந்த மனுஷனைப் பதிதன் என்று நினைத்தாளோ அவர் முன்னால் மூச்சிரைக்க நின்று, சார், வந்துட்டு, இந்தத் தடவை நெசமாவே வந்துட்டு என்றாள். அவர் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். சாயங்காலத்துக்குள் ஊசி போட்டாயிற்று.

இதற்கு மேல்தான் உண்மையான வேதனை. அதுவரை கத்தமாட்டாயா என்று மாட்டின் வாயைப் பார்த்தவர்கள், இப்போது கத்திவிடாதே என்று பார்த்தார்கள். மூன்றாவது வாரம் மறுபடி கத்தினால் ஊசி வீண் என்று ஜெபசிங் சொல்லியிருந்தார். அந்த வாரம் மயிலை தும்மினால்கூட சீனித்தாய் எழுந்து ஓடினாள். பிளாரன்ஸ் கடைப் பக்கம் வரவே பயந்து, பாலுக்குப் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பினாள். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது, தெருவில் எருமை கத்தியது, யார் வீட்டிலோ குழந்தை வீறிட்டது. மயிலை மட்டும் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. அந்த வாரம் சத்தமில்லாமல் போயிற்று. ஆனாலும் ஜெபசிங் கையால் தடவிப் பார்த்துச் சொல்லாமல் எதையும் நம்பாதீர்கள் என்றார். சில மாடுகள் சத்தமே போடாமல் பருவத்துக்கு வந்து போய்விடுமாம்.

இடையில் திருநாள் வந்தது. பிளாரன்ஸ் கன்றைக் குளிப்பாட்டி, நெற்றியில் ஒரு செவ்வந்திப் பூவை ஒட்டவைத்து, கயிறில்லாமல் கோயிலுக்கு நடத்திப்போனாள். அத்தனை ஜனக் கூட்டத்தில் கன்று அவள் சேலையை முகர்ந்துகொண்டே பின்னால் போனது. வீட்டுக்குள் வளர்ந்த கன்று, அவளை விட்டு எங்கே போகும்? அவள் அதை ஒப்புக்கொடுத்துவிட்டு, வெகுநேரம் மாதா முன்னால் முழங்காலில் நின்றாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆவணிக் கடைசியில் தரகர் வந்தார். அண்ணாச்சி சொன்ன சொல் மாறாதவர், ஆளைச் சொல்லி வைத்திருந்தார். தரகர் கடை வாசலில் சர்பத் குடித்தபடி மாட்டின் தொடையைக் கண்ணால் அளந்தார். பிளாரன்ஸ் ஜெபசிங்கைக் கையோடு கூட்டி வந்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அண்ணாச்சி டின்னிலிருந்தே தேங்காய் எண்ணெய் வாங்கி முழங்கைக்கு மேல் வரை பூசினார்.

கை உள்ளே போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். சீனித்தாய் பிளாரன்ஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது, இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. ஜெபசிங் கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார், நிறுத்தினார், மறுபடி நகர்த்தினார். அந்த மனுஷன் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. பிறகு கண்ணைத் திறந்தார்.

“ஒரு பக்கம் பருத்திருக்கு. சினைதான்.”

சந்தேகம் இல்லையே என்று அண்ணாச்சி கேட்டார். வேண்டுமானால் நீங்களே கைவிட்டுப் பாருங்கள் என்று ஜெபசிங் எண்ணெய் டின்னை அவர் பக்கம் தள்ளினார். தரகர் மிச்ச சர்பத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சினை மாட்டைத் தொட்டால் தன் குடும்பம் விளங்காது என்று சொல்லித் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அண்ணாச்சி உள்ளே போய் ஒரு பருத்திக்கொட்டை மூட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். மனைவி இத்தனை நாள் திருட்டுத்தனமாக அள்ளியது அவருக்குத் தெரியும்போல. மூட்டையை மாட்டுக்கு முன்னால் போட்டுவிட்டு, கல்லாவில் போய் உட்கார்ந்தார்.

சீனித்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மயிலையின் முன்னங்கால் இரண்டையும் கட்டிக்கொண்டு, முகத்தை அதில் வைத்து அழுதாள். கடைக்கு வந்தவர்கள் வெல்லம் கேட்பதற்காக அவள் அழுது முடிக்கும் வரை நின்றார்கள். பிளாரன்ஸும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அழுகை ஓய்ந்ததும் சீனித்தாய்க்குத் திடீரென்று ஒரு பயம் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு பிளாரன்ஸின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“திருநாளன்னைக்கு அவ்வளவு நேரம் மாதா முன்னால நின்னியாமே. இந்தக் கன்னுக்கும் என்னத்தையாவது நேந்து வச்சிட்டியா? உண்மையைச் சொல்லுளா.”

பிளாரன்ஸ் தலையை ஆட்டினாள். “வாய் வரைக்கும் வந்துட்டு. கடிச்சுக்கிட்டேன். ஒண்ணும் நேரலைளா. மாதாகிட்ட சும்மாதான் கேட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைச் சொன்னாள்.

“அவ சும்மாவே தந்துட்டா.”